எலின்னா அவ்வளவு இளக்காரமா?

ரெண்டே எழுத்து. எ, லி. இந்தச் சொல்லை வச்சுக்கிட்டு ஆளாளுக்கு அடிக்கிற கூத்தைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். கடலை பிடுங்கி, ஆய்ஞ்சு, காயவச்சு மூட்டை கட்டியாச்சு. கொஞ்சம் ஓய்வு கிடைச்சிருக்கு. எழுதிடுறேன். இன்னைக்குக் கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல வெள்ளைக்காரன் கதையைப் பாப்போம். அவன் மொழியில பெரிய எலி 'ரேட்', சின்ன எலி 'மௌஸ்'. ரேட்டுன்னா எலி மட்டும் இல்ல. காட்டிக்கொடுக்கிறவன் ரேட்டு. வேலை நிறுத்தம் நடக்கும்போது முதலாளி பக்கம் சாய்ஞ்சு வேலைக்குப் போறவன் ரேட்டு. அமெரிக்காவுல தொழிற்சங்கக்காரங்க, சங்கத்தை மதிக்காத கம்பெனி வாசல்ல காத்தடிச்ச பிரமாண்ட ரப்பர் எலியைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. சம்பளத்துக்கும் பதவிக்கும் விடிஞ்சதுலேருந்து ஓடுற ஓட்டத்துக்குப் பேரு எலிப் பந்தயம். மௌஸுன்னா வாயில்லாப் பூச்சி, பயந்தாங்கொள்ளி.

இத்தனை கெட்ட பேருக்கு நடுவுல ஒரே ஒரு நல்ல பேரு கிடைச்சுது, அதுவும் உசுரில்லாத சாமானுக்கு. டக்ளஸ் எங்கெல்பார்ட்டுன்னு ஒரு பொறியாளர். மரக்கட்டைக்குள்ள சக்கரம் வச்சு, அதுலேருந்து வால் மாதிரி ஒயரை இழுத்து, கம்ப்யூட்டர்ல மாட்டுனார். 1968 டிசம்பர் 9 அன்னைக்கு சான் பிரான்சிஸ்கோவுல ஊரறிய அதை ஓட்டிக் காட்டுனார். வால் இருந்ததால அது மௌஸ் ஆயிருச்சு. இன்னைக்கு உலகமே அதைக் கையில வச்சுத் தடவுது. நம்மாளுங்க அதுக்கும் 'எலிக்குட்டி'ன்னு பேரு வச்சாங்க. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, 'சுட்டி'ன்னு மாத்திட்டாங்க. நல்ல பேரு கிடைக்கிற இடத்துலேருந்து எலியைத் தூக்கியாச்சு. திட்டுற இடத்துல மட்டும் பத்திரமா வச்சிருக்கோம்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை, நம்ம லட்சணமும் அதுதான். புறநானூறு 190-ஆம் பாட்டு ஒரு சோழ ராசா பாடுனது, நல்லுருத்திரன்னு பேரு. விளைஞ்ச கதிரைக் கடிச்சுக் கொண்டுபோய் வளைக்குள்ள அடுக்கி வைக்கிற எலி மாதிரி சேர்த்து வைக்கிறவங்களோட எனக்குச் சிநேகம் வேண்டாம், புலி மாதிரி ஆளுங்கதான் வேணும்ங்கிறார். வள்ளுவரும் படைமாட்சியில, எலிப்படை கடல் மாதிரி கூடிக் கத்துனாலும் நாகம் ஒரு மூச்சு விட்டா எல்லாம் காலின்னு சொல்லிட்டார். ராசாவுக்கு எலி கஞ்சன், வள்ளுவருக்கு எலி கோழை. நம்ம பழமொழியில எலிக்குத் திண்டாட்டம்னா பூனைக்குக் கொண்டாட்டம். மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதைன்னா வீண்வேலை. 2015-ல வந்த வடிவேலு படத்துக்கு 'எலி'ன்னே பேரு. அதுல எலிங்கிறது கடத்தல் கும்பலுக்குள்ள வேவு பாக்க நுழையிற ஆளு.

சரி, சொல்லுன்னா நாலு அர்த்தம் இருக்கத்தான் செய்யும், இதுல உனக்கு என்னய்யா பிரச்சினைன்னு கேப்பீங்க. பிரச்சினை இருக்கு. பேசுறவன் வாயில அது உவமை. வயல்ல நிக்கிறவனுக்கு அது சோறு, கடன், காய்ச்சல், சில வீட்டுல சாவு. ஒரே சொல்லுக்குள்ள எல்லாத்தையும் போட்டு அமுக்கிட்டா எதையும் ஒழுங்காப் பாக்க முடியாம போயிருது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க அன்னவாசல் பக்கம் எலிங்கிறது ஒரு உசுரு இல்ல. கம்மாய்க்குக் கீழ நெல்லு வயல்ல வரப்பைக் குடைஞ்சு வாசல்ல மண்ணைக் குவிக்குதே, அது வயல் எலி. கரம்பெலின்னும் சொல்லுவாங்க. நெல்லுக்குப் பெரிய எதிரி அதுதான். தூர்ல கத்தியால சாய்வா வெட்டுன மாதிரி வெட்டும். கதிர் முத்திருச்சுன்னா கதிரோட அறுத்து வளைக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கும். புல்லெலி வேற. உள்ளங்கையில அடங்குற வயல் சுண்டெலி வேற. செவல் காட்டுல, கடலைக் கொல்லை ஓரத்துல வளை போட்டு, ராத்திரியில தாவித் தாவி ஓடுற நீள வால்காரன் வெள்ளெலி. வீட்டுக் குதிருக்குப் பக்கத்துல திரியிறது வீட்டெலி. சாக்கடை ஓரம் பன்னிக்குட்டி கணக்கா உருளுறது பெருச்சாளி.

இதுல மூஞ்சூறு இருக்கே, பிள்ளையாருக்குக் கீழ உக்காந்திருக்குமே, அது எலிச்சாதியே கிடையாது. அதோட பல்லு கொறிக்கிற பல்லு இல்ல. கரப்பான், பூச்சி, புழுன்னு தின்னுட்டுப் போற பிராணி அது. நாத்தம் அடிக்கும், கீச்சு கீச்சுன்னு கத்தும், அவ்வளவுதான். ஆனா நம்ம ஆளு ராத்திரியில மூக்கு நீண்ட ஒண்ணு செவுத்தோரமா ஓடுனாப் போதும், 'ஏய் எலி'ன்னு கத்தி வெளக்கமாத்தை எடுத்துருவான். காலையில எந்திரிச்சு அதே பிராணி மேல உக்காந்திருக்க சாமிக்குத் தேங்கா உடைப்பான்.

பேரு தெரியாதவன் கையில விஷத்தைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். எந்த எலி, எந்தப் பருவம், எந்த வளைன்னு பாக்காம 'எலியா? இந்தா மருந்து'ன்னு ஒரே பதில். எங்க அப்பத்தா வளையைப் பார்த்தே சொல்லும், இது உள்ளே ஆளிருக்க வளை, இது காலி வளைன்னு. சாயங்காலம் எல்லா வாசலையும் மண்ணை வச்சு மூடிட்டு, காலையில போய் எது திறந்திருக்குன்னு பாக்கணும். திறந்திருக்கதுலதான் எலி இருக்கு. அந்த அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால அதுக்கு மதிப்பும் கிடையாது.

சட்டத்துக்கு வருவோம். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல அஞ்சாவது பட்டியல்னு ஒண்ணு ரொம்ப வருஷம் இருந்துச்சு. தீங்கு செய்யிற பிராணிகள்னு தலைப்பு. காக்கா, பழந்தின்னி வவ்வால், எலி, சுண்டெலி அதுல இருந்துச்சு. 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. பக்கத்துல விராலிமலை. மயிலுக்குப் பேர்போன ஊரு. கடலை போட்டவனைக் கேளுங்க, மயில் விதையைக் கிளறித் தின்னுட்டுப் போறதுக்கு எப்படிக் காவல் காக்குறான்னு. எலி தின்னா திருட்டு, மயில் தின்னா தேசியப் பறவை. மயிலை அடிக்கச் சொல்லல, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா ரெண்டும் என் கொல்லையில ஒரே வேலையைத்தான் செய்யுது. பேருதான் வேற.

இப்போ 2017-க்கு வாங்க. 2016-ல வடகிழக்குப் பருவமழை அப்படியே கைவிட்டுச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சி மாநிலம்னு அரசே அறிவிச்சுது. அந்த மார்ச் மாசம் அய்யாக்கண்ணு தலைமையில நம்ம விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல போய் உக்காந்தாங்க. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம். இதுதான் கேட்டது. 41 நாள் வெயில்ல கிடந்தாங்க. மண்டையோட்டை வச்சாங்க, மொட்டை போட்டாங்க, வாயில எலியைக் கவ்விக்கிட்டு நின்னாங்க.

அந்த எலிப் படம் உலகம் பூரா போச்சு. கேட்ட கோரிக்கை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? ஒருத்தனுக்கும் இல்ல. எலி மட்டும் ஞாபகம் இருக்கு. 'நாடகம்', 'எலிக்கறி கோஷ்டி'ன்னு வாட்ஸ்அப்புல சிரிச்சாங்க. படிச்ச பிள்ளைங்க, நம்ம ஊருலேருந்து போய் சென்னையில இருக்க பிள்ளைங்களே சிரிச்சாங்க. அந்தப் போராட்ட முறை பிடிக்கலன்னு சொல்லுங்க, அது உங்க உரிமை. எனக்கும் அதுல எல்லாம் உடன்பாடு இல்ல. ஆனா வறட்சியில எலி தின்னுறதுங்கிறதைக் கற்பனைன்னு சொல்லாதீங்க. பஞ்ச காலத்துல வளையைத் தோண்டி எலி சேர்த்த நெல்லை எடுத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடிச்ச குடும்பங்க நம்ம ஊருலயே உண்டு. பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. சொல்ல மாட்டாங்க. ஏன் சொல்ல மாட்டாங்கன்னா, நீங்க சிரிப்பீங்கன்னுதான்.

பஞ்சமே இல்லைன்னாலும் வெள்ளெலி தின்னுறவன் தின்னத்தான் செய்யிறான். கடலையும் தானியமும் தின்னு வளர்ந்த கறி அது. நீங்க தின்னுற பிராய்லர் எதைத் தின்னு வளருதுன்னு யாராவது கேட்டாங்களா? ஆனா தட்டுல எது இருக்குன்னு பார்த்துத்தானே இந்த நாட்டுல ஆளுக்கு எடை போடுறோம். பீகார்ல ஒரு சாதிக்குப் பேரே முசஹர். எலி தின்னுறவன்னு அர்த்தம். காலங்காலமா நிலமில்லாம, அடுத்தவன் வயல்ல எலி பிடிச்சுக்கிட்டு, அந்த எலியையே பேராச் சுமந்துக்கிட்டு வாழ்ற சனம். அந்தச் சாதியில பிறந்த ஜீதன் ராம் மாஞ்சி 2014-ல முதலமைச்சர் ஆனார். ஆமா, நானும் எலி தின்னவன்தான்னு வெளிப்படையாச் சொன்னார். அதுக்கும் சிரிச்சாங்க. நம்ம வட மாவட்டங்கள்ல இருளர் இருக்காங்க. வளையைப் பார்த்து எலி, பாம்பு எது இருக்குன்னு சொல்லுற கைக்காரங்க. வயலைக் காப்பாத்திக் குடுத்துட்டு, 'எலி பிடிக்கிறவன்'னு ஏச்சும் வாங்கிட்டுப் போறாங்க.

இன்னொண்ணு சொல்றேன். 2023 நவம்பர் 12, தீபாவளி அன்னைக்கு, உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கம் இடிஞ்சு 41 தொழிலாளிங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்க. வெளிநாட்டு நிபுணர் வந்தார், அமெரிக்க மெஷின் வந்துச்சு. கடைசிச் சில மீட்டர் இருக்கும்போது மெஷின் உடைஞ்சு உள்ளேயே சிக்கிக்கிச்சு. அப்புறம் யாரைக் கூப்பிட்டாங்க? எலிவளைச் சுரங்கக்காரங்களை. ஒரு ஆளு தவழ்ந்து போற குழாய்க்குள்ள புகுந்து, கையால தோண்டி, வாளியில மண்ணை அள்ளி, ஒரு நாள் பொழுதுல வழி போட்டாங்க. நவம்பர் 28 ராத்திரி 41 பேரும் உசுரோட வெளியே வந்தாங்க.

நாடே மாலை போட்டுச்சு. எலிவளைச் சுரங்கம்னா என்ன தெரியுமா? மேகாலயாவுல நிலக்கரிக்காக எலி மாதிரி புகுந்து தோண்டுற வேலை. ஆபத்துன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2014-லயே தடை போட்டுச்சு. தடையை மீறி நடந்த சுரங்கத்துல 2018 டிசம்பர்ல வெள்ளம் புகுந்து பதினஞ்சு பேர் உள்ளேயே போயிட்டாங்க. அப்போ எத்தனை பேர் பேசுனாங்க? சரி, சில்க்யாராவுல ஜெயிச்சு வந்தவங்களாவது நல்லா இருந்தாங்களான்னா, அந்தக் குழுவுல ஒருத்தரோட வீட்டை, ஆக்கிரமிப்புன்னு சொல்லி, 2024 பிப்ரவரியில டெல்லியில இடிச்சுத் தள்ளிட்டாங்க. மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. எலி வளையானாலும் தனி வளை வேணும்னு நாம சொல்லுவோம். அவருக்கு அந்த வளையும் மிஞ்சல.

ஆக, ஆபத்துன்னா எலி வேணும். ஆபத்து தீர்ந்தா எலி எலிதான்.

இதுவரைக்கும் சொன்னது மானப் பிரச்சினை. இனிமே சொல்லப்போறது உசுருப் பிரச்சினை. இதைக் கவனமாப் படிங்க.

ஒண்ணு, எலிக் காய்ச்சல். இந்தப் பேரைக் கேட்டதும் எலி கடிச்சா வர்ற காய்ச்சல்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க. 'என்னைய எலியே கடிக்கலியே, எனக்கு எதுக்கு அது வருது'ன்னு வீட்டுலேயே படுத்துக்கிறாங்க. லெப்டோஸ்பைராங்கிற கிருமியால வர்றது அது. எலியோட மூத்திரத்துல அந்தக் கிருமி இருக்கும். மாடு, நாய், பன்னிகிட்டேருந்தும் வரும். மழை காலத்துல வயல் தண்ணியில அது கலந்துருது. நாத்து நடறப்போ, களை எடுக்குறப்போ, கால்ல இருக்க வெடிப்பு, கையில இருக்க சின்னக் கீறல் வழியா உள்ளே போயிரும். காய்ச்சல், கெண்டைக்கால் சதையெல்லாம் பிச்சு எடுக்கிற வலி, கண்ணு சிவந்து போறது. முத்துனா மஞ்சக்காமாலை மாதிரி ஆகி கிட்னியைத் தொடும். ஆரம்பத்துலயே போனா மாத்திரையிலயே சரியாப் போயிரும். டாக்டர்கிட்ட 'நான் சேத்துல வேலை பாக்குறவன்'னு ஒரு வார்த்தை முதல்லயே சொல்லுங்க, போதும். வயலுக்குப் போறவங்களை வருஷா வருஷம் தேடி வர்ற நோய்க்கு, கடிச்சா வரும்னு நினைக்க வைக்கிற மாதிரி ஒரு பேரு. சேத்துக் காய்ச்சல்னு வச்சிருந்தா நாலு பேராவது சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க.

ரெண்டாவது, எலி மருந்து. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. மருந்தாம்! நோயைத் தீர்க்கிறதுக்கும் அதே பேரு, கொல்லுறதுக்கும் அதே பேரு. பூச்சி மருந்து, களை மருந்து, எலி மருந்து. 'மருந்து அடிச்சாச்சா'ன்னுதான் கேக்குறோம். விஷம்னு நம்ம வாயில வர்றதே இல்ல. விக்கிறவனுக்கு இந்தப் பேரு வசதி. அரிசி, பருப்பு வைக்கிற அதே மாடக்குழியில, பிள்ளைக்குக் கைக்கு எட்டுற இடத்துல வச்சிருக்கோமே, ஏன்? மருந்துதானேங்கிற நினைப்பு.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் எத்தனை வீட்டை எழவு வீடாக்குச்சுன்னு எந்த ஊர்ல கேட்டாலும் சொல்லுவாங்க. அதுக்கு மாத்து மருந்து கிடையாது. உள்ளே போன அன்னைக்குக் கொஞ்சம் கஷ்டப்படுத்திட்டு, அடுத்த நாள் ஒண்ணும் இல்லாத மாதிரி தெளிவாக்கிக் காட்டும். 'சரியாப் போச்சு'ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவாங்க. அதுக்கப்புறம்தான் ஈரல் கெடும். அதனால கொஞ்சமோ நிறையவோ, தெரியாமலோ தெரிஞ்சோ, உள்ளே போச்சுன்னா ஆளு தெளிவா இருக்கார்னு நம்பாதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரி. தமிழ்நாடு அரசு இந்தப் பேஸ்ட்டுக்கு நிரந்தரத் தடை போட்டிருக்கு. நல்ல காரியம். எங்கயாவது பெட்டிக்கடையில இன்னும் தொங்குனா வாங்காதீங்க, விக்காதேன்னு சொல்லுங்க. மனசு உடைஞ்சு கிடக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, 104-க்கு ஒரு போன் பண்ணுங்க. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பாங்க. கடன்காரன் காத்திருப்பான். நீங்க இருக்கணும்.

'அப்போ எலியை என்னதான் பண்றது, கும்பிடுறதா'ன்னு கேப்பீங்க. கும்பிடுற ஊரும் இருக்கு, ராஜஸ்தான் தேஷ்நோக்குல கர்ணி மாதா கோயில்ல எலிக்குப் பால் ஊத்துறாங்க. நான் அதைச் சொல்லல. எலி என் பயிருக்கு எதிரிதான். மூணு வாரத்துல குட்டி போடுற எதிரி. ஆனா எதிரியை ஒழுங்காத் தெரிஞ்சுக்கிட்டு அடிக்கணும்.

வரப்பை ஆள் படுக்கிற மாதிரி அகலமா வைக்காதீங்க. ஒடுக்கமா, புல்லு செதுக்கி வச்சா வளை போட இடம் கிடைக்காது. ஒரே ஆயக்கட்டுல ஆளாளுக்கு ஒரு தேதியில நட்டா எலிக்கு வருஷம் பூரா விருந்து, ஒண்ணா நடணும். கதிர் வர்றதுக்கு முன்னாடியே தஞ்சாவூர்க் கிட்டி வைக்கணும். மூங்கில் வில்லுதான், செலவும் கம்மி. வயல்ல அங்கங்க குச்சி நட்டுக் குறுக்குக் கட்டை கட்டிவிட்டா கூகை வந்து உக்காரும். அதைச் சாக்குருவின்னு கல்லால அடிக்கிறோமே, அது ஒரு ராத்திரிக்கு ரெண்டு மூணு எலியைத் தூக்கிரும். சாரைப்பாம்பைக் கண்டா கம்பை எடுக்கிற வழக்கத்தையும் விடுங்க. அதுவும் நமக்கு வேலை பாக்குற ஆளுதான். விஷம் வச்சா அந்த எலியைத் தின்னுற கூகையும் சாகும், பூனையும் சாகும். அடுத்த வருஷம் எலி இன்னும் கூடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன கதைதான்.

இதெல்லாம் ஒருத்தன் வயல்ல மட்டும் செஞ்சா ஆகாது. என் வயல்ல விரட்டுனா உங்க வயலுக்கு வரும். ஊரு கூடிச் செய்யணும். வேளாண்மைத் துறை ஆளுங்க கூட்டம் போடுறப்போ டிரோன் பத்தியும் ஆப் பத்தியும் பேசுறாங்க, பேசட்டும். அதோட எலி ஒழிப்புக்கு ஒரு நாள் வச்சு, வளை வெட்டத் தெரிஞ்ச ஆளுங்களுக்கு முறையாக் கூலி குடுத்துக் கூப்பிடணும். அவங்க வளையிலேருந்து எடுக்கிற நெல்லு அவங்களுக்கேன்னு சொல்லிரணும். அது பிச்சை இல்ல, கூலி. டீக்கடையில அவங்களுக்குத் தனி கிளாஸ் வைக்கிற வேலை எங்கயாவது மிச்சம் இருந்தா அதையும் அன்னைக்கோட எடுத்துரணும்.

அரசியல்வாதிங்களுக்கு ஒண்ணு. மரபணுக் கத்திரிக்காய் வந்தப்போ மேடைக்கு மேடை 'விவசாயிகளைச் சோதனை எலி ஆக்காதே'ன்னு பேசுனீங்க. 2010 பிப்ரவரியில மத்திய அரசு அதை நிறுத்தி வச்சதும் கை தட்டுனீங்க. நானும்தான் தட்டுனேன். ஆனா அதுக்கப்புறம் விலை இல்லாம, தண்ணி இல்லாம, இன்சூரன்ஸ் எப்போ வரும்னு தெரியாம வருஷா வருஷம் எங்களை வச்சுப் பாக்குற சோதனைக்கு என்ன பேரு? ஆய்வுக்கூடத்து எலிக்காவது நேரத்துக்குத் தீனி போடுவான்.

இந்தச் சம்பாவுக்கு எங்க கம்மாய்ப் பாசனத்துல கிட்டி வைக்கிறதுன்னு ஏழெட்டுப் பேர் பேசி வச்சிருக்கோம். கிட்டி முடையத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் குடுமியான்மலைப் பக்கம் இருக்கார், பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கிட்டார். மூங்கில் வந்து இறங்கியாச்சு. நட்டு முப்பது நாள்ல ஆரம்பிக்கிறோம். அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க யாராவது சேர்ந்துக்கிறதா இருந்தா வாங்க, வரும்போது ஒரு அரிவாளும் கொஞ்சம் சணலும் எடுத்துட்டு வாங்க.